மாட்டனுங்க என்று சொல்லப் பழகியது

"தேர்வு முடிந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள், தேர்வானவர், ஆகாதவர் ஆகிய இருவருக்கும் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்." பெருந்துறைப் பக்கத்து ரசாயன ஆலை ஒன்றின் ஆள்சேர்ப்பு விதிகளில், ஒன்பதாம் பத்தியின் இரண்டாம் உட்பிரிவு இது. அந்தப் புத்தகத்தை அச்சடித்தவர்களைத் தவிர முழுக்கப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். அச்சடித்தவர்களும் படித்திருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பணிக்காலம் முழுவதும் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் கழித்தவன் நான். பதிவு செய்தேன், புதுப்பித்தேன், மூப்புப் பட்டியல் தயாரித்தேன், பரிந்துரை அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்தப் பையன் என்ன ஆனான் என்பது கோப்பில் வராது. வேலை கிடைத்து ஒருவன் குதிப்பதைக் கண்ணால் பார்க்காமலேயே ஓய்வு பெற்றேன். மகப்பேறு வார்டின் வாசலில் டோக்கன் கொடுப்பவரின் நிலைமைதான்.

ஓய்வுக்குப் பிறகு போத்தனூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தேவாலயத்துப் பங்குத்தந்தை ஒரு நாள் கூப்பிட்டார். பங்கைச் சேர்ந்த பிள்ளைகள், சேராத பிள்ளைகள் என்று தொழிற்பயிற்சி முடித்தவர்கள் பலர் சும்மா இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் வந்து விண்ணப்பம் எழுத உதவ முடியுமா என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று நினைத்துப் போனேன். எந்தத் தாற்காலிக நியமனமும் ஒரு ஞாயிற்றோடு முடிந்ததில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிட்டர், எலக்ட்ரீசியன், கருவிப் பழுதுபார்ப்பு, ரசாயன ஆலை ஆபரேட்டர் என்று எல்லாப் பிரிவிலும் ஆட்கள் இருந்தார்கள். முன்பெல்லாம் இவர்களுக்குப் பம்பு செட் கம்பெனி, வார்ப்படப் பட்டறை, நூல் மில் என்று மூன்று வழிதான். இப்போது உடுமலைப் பக்கம் காற்றாலை, சூரிய மின் நிலையம், எரிவாயு நிரப்பும் நிலையம், கரைப்பான் தயாரிக்கும் ஆலை என்று எங்கு பார்த்தாலும் ஆள் கேட்கிறார்கள். கூப்பிடுகிறார்கள், போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். ஏன் திரும்பி வருகிறார்கள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது.

பழைய பழக்கத்தில் ஒரு தேர்வுக்குழு உறுப்பினரைத் தொலைபேசியில் பிடித்தேன். பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்களித்த பிறகு அவர் சொன்னார்: "உங்க பசங்க நல்ல பசங்க சார். அதுதான் பிரச்சினை."

"புரியலைங்களே."

"பெரியவங்க சொன்னா எந்த வால்வையும் திருகுறாங்க சார். 'சீனியர் ஒருத்தர் பெர்மிட் இல்லாம டேங்க்குக்குள்ள இறங்கச் சொன்னா என்ன பண்ணுவே'ன்னு கேட்டோம். 'பெரியவங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும், எறங்கிப்போடுவனுங்க'ன்னு சிரிச்சுட்டே சொல்றான். அவனை உள்ள விட்டா நாங்க மாலை வாங்கிட்டு வரணும்."

பெர்மிட் என்பது ஆலைகளில் ஒரு சீட்டு. ஒரு குழாயைப் பிரிக்கவோ, தொட்டிக்குள் இறங்கவோ, தீப்பொறி பறக்கும் வேலை செய்யவோ அதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டு கையில் இருக்க வேண்டும். வேலை நடக்கும் குழாயின் வால்வில் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். டேக் என்பார்கள். அது தொங்கும்வரை அந்த வால்வை ஆலை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. மாட்டியவர் முறைப்படி எடுத்த பிறகுதான் தொடலாம். இப்படி ஒரு அழகான நடைமுறையை நான் அரசுப் பணியில்கூடக் கண்டதில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு அட்டைத் துண்டுக்கு முதலாளியைவிட அதிகாரம்!

ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. கொங்கு நாட்டில் யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. "பாக்கலாமுங்க" என்போம். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டால், அவர்கள் காபி குடித்துவிட்டு அடுத்த வீட்டு ஜாதகத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். வெளியூர் எஞ்சினியர்களுக்கு இது தெரியாது. இரவு ஷிப்டுக்கு வருவாயா என்று கேட்டால் "பாத்துக்கலாமுங்க" என்கிறான் பையன். வருகிறேன் என்று எழுதிக்கொள்கிறார் அவர். பின்னால் இரண்டு பேருக்கும் கோபம்.

பங்கு மண்டபத்தின் பின்பக்கம் நாங்கள் ஒரு ஆலை கட்டினோம். இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய், தோட்டத்து ஓஸ் குழாய், பிளம்பிங் கடையில் வாங்கிய நான்கு வால்வு. சிவப்பு டேக்குகளைக் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டிச் செய்தோம். எல்லாவற்றிலும் பாதிப் பிள்ளையார் இருந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கேஸ் சிலிண்டர் மாத்தறதுக்குப் பக்கத்து ஊட்டுப் பையனக் கூப்புடற மனுசன், ஆலை ஓட்டச் சொல்லித் தாராராமா! கேட்டுக்குங்க சாமி."

நான் மூத்த ஆபரேட்டராக நடித்தேன். டேக் தொங்கும் வால்வின் பக்கத்தில் ஆளை நிறுத்தி, "கண்ணு, அதைச் சித்தெ தொறந்து உடு" என்பேன். திறந்தார்கள். வரிசையாக, ஒருவர் பாக்கியில்லாமல், புன்னகையோடு திறந்தார்கள். பீப்பாய்த் தண்ணீர் முழுக்க என் செருப்பில் பாய்ந்தது.

"ஏண்டா தொறந்தே? டேக் தொங்குதே, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. நீங்க சொன்னீங்களேன்னுதானுங்க."

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். சத்தியமங்கலத்துக்காரி. போத்தனூரில் அத்தை வீட்டில் தங்கி ரசாயன ஆலை ஆபரேட்டர் படிப்பு முடித்தவள். அத்தை வீடு தேவாலயத்துப் பங்கு, சத்தியமங்கலத்து வீடு மாரியம்மன் வீடு. ஒரே குடும்பத்தில் இரண்டும் இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம். அவள் தாத்தா காலம்வரை பிறத்தியார் தோட்டத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அப்பா இப்போது அரிசி மில் ஒன்றில் டிராக்டர் ஓட்டுகிறார்.

எதற்காக இந்தப் படிப்பு என்று ஒருமுறை கேட்டேன். "காச்சி எறக்கறதுங்க" என்றாள் உடனே. வாலைவடிப்பைச் சொல்கிறாள். "கண்ணாடிக் குழாயில பாத்தனுங்க. ஒண்ணாக் கலந்து கெடக்கறத சூடு பண்ணுனா அதது அததோட எடத்துல தனியாப் பிரிஞ்சு நிக்குதுங்க. கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து அந்தக் கோடு ஏறி எறங்கறதப் பாத்துட்டே இருக்கோணுமுங்க." சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலையை இப்படி ஆசைப்பட்டுச் சொன்ன ஒருவரை என் கவுண்ட்டரில் நான் பார்த்ததேயில்லை.

அவளும் முதல் இரண்டு ஞாயிறும் வால்வைத் திறந்தவள்தான். மூன்றாவது ஞாயிறு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தொறந்து உடு கண்ணு."

"டேக் தொங்குதுங்க."

"அட, நாந்தான் சொல்றேனே."

"நீங்க சொல்றீங்க, டேக் வேண்டாங்குதுங்க. நான் நடுவால என்னத்தச் சொல்றதுங்க?"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. ஆனால் அவள் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரியவர் முகத்தில் அடிக்க வேண்டியதில்லை, மறுப்பை அட்டையின் தலையில் ஏற்றிவிடலாம். அன்று முழுக்கப் பிள்ளைகள் என்னை மறுத்துத் தள்ளினார்கள். டீ கொடுத்தால்கூட "டேக் தொங்குதுங்க" என்றார்கள். இருட்டும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. மனைவி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டு, மூன்றாவது முறை தானே வந்து உட்கார்ந்துகொண்டு, யார் யார் நன்றாக மறுக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினாள்.

மாசி மாதத்தில் பெருந்துறை ஆலையிலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்தது. எங்கள் கூட்டத்திலிருந்து அவளையும் சேர்த்து ஆறு பேர் போனார்கள். காந்திபுரத்தில் ஈரோட்டு பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் புறப்பட்ட பிறகும், கல்யாணத்துக்கு ஆள் அனுப்பியவன்போல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பஸ்ஸின் இரைச்சலுக்குப் பின்னால் பையன்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

நடந்தது இதுதான். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்து ஆலையைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போயிருக்கிறார்கள். ஓரிடத்தில் பெரிய மீசை வைத்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் இரண்டு கையாலும் ஓஸ் குழாயைப் பிடித்து மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொதிநீர் வால்வு. அதையொட்டி இவள் நின்றாள். "கண்ணு, அந்தக் கைப்பிடிய அரைச் சுத்துத் திருப்பு" என்றார் அவர். பார்வையாளரிடம் வால்வைத் திருப்பச் சொல்வதே தப்பு. அதற்கு மேல் வால்வில் சிவப்பு டேக் தொங்கியது.

"டேக் தொங்குதுங்க" என்றிருக்கிறாள்.

"பழசு அது. நாந்தான் சொல்றனே, திருப்பு."

"மாட்டனுங்க."

இவளுக்குப் பின்னால் நின்ற எங்கள் எலக்ட்ரீசியன் பையனுக்குப் பெரியவர் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நான் திருப்பறனுங்க ஐயா" என்று கை நீட்டியிருக்கிறான். இவள் அவன் கையைத் தட்டிவிட்டு, "தொட்டீன்னாப் பாரு" என்று கத்திவிட்டாள். கூட வந்த பணியாளர் பிரிவு அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். மீதி ஆலையைக் காட்டாமலே வாசலுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் பையன்கள் அவளைச் சும்மா விடவில்லை. "ஒரு அரைச் சுத்து, அதுக்குப் பஞ்சாயத்து! உன்னால நம்ம ஆறு பேரு பொழப்பும் போச்சு அம்மணி" என்ற குரல் எனக்கே கேட்டது.

"நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?" என்று கேட்டாள்.

"நூற்றுக்கு நூறு சரி" என்றேன். நடைமுறை ஒன்று முழுசாக, ஓர் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அதுவும் நடுங்கிக்கொண்டே பின்பற்றியிருக்கிறாள்!

முப்பது நாள் ஆனது. பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனித் தீமிதிக்குக் குண்டம் இறங்கி முடித்தார்கள். சித்திரை பிறந்தது. பதில் இல்லை.

இங்கேதான் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தியமங்கலத்தில் ஒரு நூல் மில்லுக்காரர் இருந்தார். இவள் தாத்தா வேலை செய்த தோட்டம் அவருடைய அப்பாவுடையது. நல்ல மனிதர். இவள் அப்பாவுக்கு டிராக்டர் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். பேக்கிங் பகுதிக்குப் பெண்ணை அனுப்பு, விடுதி இருக்கிறது, பத்திரமாக இருப்பாள் என்று சொல்லியிருந்தார். அப்பா வழக்கப்படி "சரிங்க" என்றுவிட்டார். ஆலையின் பதில் வருவதற்குள் மில்லுக்காரர் ஒரு தேதி வைத்துவிட்டால் இவள் பெட்டியில் நூல் கண்டு அடுக்கப் போக வேண்டும். போனால் திரும்புவது நடக்காது.

நான் களத்தில் இறங்கினேன். ஒன்பதாம் பத்தியை மேற்கோள் காட்டி முதல் நினைவூட்டல். அதை மேற்கோள் காட்டி இரண்டாவது. இரண்டையும் இணைப்பாக வைத்து, மேலாளருக்கு ஒரு நகலுடன் மூன்றாவது. ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு உற்சாகமாக நான் காலையில் எழுந்ததில்லை. "ஏனுங்க, கொழந்தைக்குத் தாலாட்டு எழுதற மாதிரியில்ல சிரிச்சுட்டே எழுதறீங்க" என்றாள் மனைவி.

பதில் வராததால் பணியாளர் பிரிவு அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். மரியாதையான குரல். சுத்தமான கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சு.

"கடிதம் பாத்தனுங்க ஐயா. மூணும் பாத்தனுங்க. பாக்கலாமுங்க."

என் உற்சாகம் அந்த இடத்தில் பொசுக்கென்று அணைந்தது. வெளியூர்க்காரன் சொல்லியிருந்தால் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பேன். சொன்னவர் கோபிக்காரர்.

அந்த ஞாயிறு அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இல்லைன்னு அர்த்தமுங்களா?"

"நம்ம ஊர்ல அப்படித்தான் அம்மணி அர்த்தம்."

"நான் மாட்டேன்னு சொல்றதுக்கு மூணு வாரம் பழகுனனுங்க. அவருக்கும் இல்லைங்கறதுன்னா வாய்தொறந்து சொல்லட்டுமுங்க. நேராப் போய்க் கேக்கலாமுங்க."

விதிகளில் இதற்கு இடமில்லை. விண்ணப்பதாரர் நேரில் வந்து முடிவைக் கேட்கலாகாது என்று பதினோராம் பத்தி சொல்கிறது. ஆனால் ஒன்பதாம் பத்தியை அவர்கள் மீறியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினோம்.

அதிகாரி எங்களை உட்காரவைத்தார், மோர் கொடுத்தார், என் உடல்நலத்தை விசாரித்தார், மழை வருமா என்று கேட்டார். விஷயத்துக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் அவளே கேட்டாள். "எனக்கு வேலை இல்லீங்களா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி எல்லாம் இல்லீங்க அம்மணி. விசாரணை ஒண்ணு ஓடுது. முடியாம நான் வாயத் தொறக்கக் கூடாது. அதுக்கு மேல கேக்காதீங்க."

எனக்குச் சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. விசாரணை! 'பாக்கலாமுங்க'வுக்கு எங்கள் ஊரில் இரண்டாவது அர்த்தமும் இருக்கிறது போலிருக்கிறது. ஆனால் விசாரணை யார் மேல்? ஆலைக்குள் கத்திக் கலாட்டா செய்த பெண் மேலா?

வாசலுக்கு வெளியே பேக்கரியில் நின்றோம். ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்திலிருந்து ஒரு மீசை எங்களைப் பார்த்து நேராக வந்தது. அவள் என் பின்னால் நகர்ந்தாள்.

"நீதான அந்தப் புள்ள?"

"ஆமாங்க."

"அட கெரகமே. உன்னால என்னயக் கூப்புட்டுக் கூப்புட்டு எழுதி வாங்கறாங்க. பள்ளிக்கொடத்துலகூட நான் இத்தன எழுதுனதில்ல." கடைக்காரரிடம் திரும்பி, "மூணு டீ போடுப்பா" என்றார்.

"எனக்கு வேண்டாங்க" என்றாள் அவள்.

"ஏன், இதுக்கும் பெர்மிட் வேணுமா? குடி கண்ணு."

டீ வந்ததும் அவர் குரல் இறங்கியது. "அந்த டேக்க மாட்டுனது நாந்தான். காலையில மாட்டுனேன். மத்தியானம் மறந்துபோட்டேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் அதே குழாயப் பிரிச்சு வெச்சுட்டு எங்க ஃபிட்டர் கைய உள்ள உட்டுட்டு இருந்தான். கொதிக்கிற தண்ணி. நீ திருப்பியிருந்தீன்னா..." டீயை ஊதினார். "அவனுக்கு ரெண்டு சின்னப் பசங்க."

அவள் குடிக்காமலே டம்ளரை மேசையில் வைத்தாள்.

"அப்ப எங்க பொண்ணோட முடிவு?" என்றேன் நான்.

"பாதுகாப்புக் கமிட்டி அறிக்கை முடிஞ்சாத்தான் ஆளெடுப்புக் கோப்பு நகருமுங்க. எம்மேல என்ன எழுதறாங்களோ. இவ மேல என்ன எழுதறாங்களோ, அது எனக்குத் தெரியாது. அந்நிய ஆளு உள்ள சத்தம் போட்டான்னும் எழுதலாம்." எழுந்தவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "மாமியா ஊட்டுலயும் இப்படியே மாட்டேன்னு சொல்லிப்போடு, வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்துப் போனார்.

அங்கிருந்து கோபி வழியாகச் சத்தியமங்கலம் போனோம். அவள் அப்பாவிடம் பேசி இன்னும் கொஞ்ச காலம் அவகாசம் வாங்கித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் என் வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். விசாரணை நிலுவையில் இருப்பது, அதனால் தேர்வு முடிவு நிலுவையில் இருப்பது, நிலுவையில் உள்ள விஷயத்தில் மூன்றாம் தரப்புக்கு வாக்குத் தருவது முறையாகாது என்பது. அருமையாக வந்திருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மில்லுக்காரர். எதிரே அவள் அப்பா, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடி.

மில்லுக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அவரிடம் திரும்பினார். "வர்ற வெள்ளிக்கெழம நல்ல நாளு. அம்மணிய அனுப்பிச்சுப்போடு. வண்டி அனுப்பறேன்."

அப்பா மகளைப் பார்த்தார். "போன காரியம் என்னாச்சு கண்ணு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலீங்கப்பா. ஆனா அந்த வால்வுல நான் சொன்னது சரிதானுங்களாமா. தொறந்திருந்தா ஒருத்தரு வெந்திருப்பாருங்களாமா."

நான் என் முதல் வாதத்துக்காகத் தொண்டையைச் செருமினேன். தேவைப்படவில்லை. அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

"அனுப்பலீங்க" என்றார் மில்லுக்காரரிடம்.

"அப்பறம் பாக்கலாங்கறியா?"

"பாக்கலாம்னு சொல்லலீங்க. அனுப்பலைன்னு சொல்றனுங்க."

கோழி ஒன்று நாற்காலிக் காலைக் கொத்திக்கொண்டிருந்தது. மில்லுக்காரர் அதையே பார்த்தார்.

"பொண்ணுக்கு வேற வேல கெடச்சுருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"கெடைக்காட்டி?"

"தெரியலீங்க. அவ படிச்சதுக்கு அவ போகோணுமுங்க. நீங்க செஞ்சதெல்லாம் மறக்கலீங்க. இது மட்டும் முடியாதுங்க."

மில்லுக்காரர் எழுந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "சரி, உன்ற புள்ள, உன்ற இஷ்டம்" என்றார். வைத்த தண்ணீரைக் குடிக்காமல் காரில் ஏறினார். அவள் அப்பா கார் திரும்பும்வரை நின்று, பிறகு அப்படியே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. டிராக்டர் வேலை நாளைக்கு இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. ஆனால் என்னைப் பார்த்து, "சொல்லிப்போட்டனுங்க!" என்றார், ஏதோ மலையேறி இறங்கியவரைப்போல. நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். பஸ் ஸ்டாண்டுவரை அவரே நடந்து வந்து ஏற்றிவிட்டார். வழியெல்லாம் எதைக் கேட்டாலும் சிரித்தார்.

டிராக்டர் வேலை போகவில்லை. மில்லுக்காரர் அரிசி மில்லில் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. இதை அவருக்குச் சாதகமாகப் பதிவு செய்கிறேன். ஆனால் அதன்பின் தெருவில் பார்த்தால் பேசாமல் போனாராம்.

வைகாசி போனது. ஆனி போனது. கை நீட்டிய எலக்ட்ரீசியன் பையனுக்கு உடுமலைப் பக்கம் காற்றாலையில் வேலை கிடைத்து, உச்சியில் நின்று படம் எடுத்து அனுப்பினான். இடுப்புக் கயிற்றை இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறான் என்பதைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அவள் ஒவ்வொரு ஞாயிறும் பங்கு மண்டபத்துக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மூத்த ஆபரேட்டராக இப்போது அவள்தான் நடித்தாள். என்னைவிடப் பலமடங்கு மிரட்டினாள். போகும்போது மட்டும், "ஏதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்பாள். நான் நான்காவது நினைவூட்டலின் வரைவைக் காட்டுவேன்.

அது தபாலில் சேரவில்லை. சேர்ப்பதற்கு முன், ஒரு காலை, கைப்பேசி அடித்தது. பின்னணியில் பவானிக்குக் குளிக்கப் போகும் கூட்டத்தின் இரைச்சல்.

"ஏனுங்க ஐயா, வந்துருச்சுங்க!"

"என்ன வந்துருச்சு? முழுசாச் சொல்லு."

"நம்மள்ல மூணு பேருங்க. ரெண்டு ஃபிட்டருங்க. அப்பறம்..." மூச்சு வாங்கினாள். "நானுமுங்க. ஆபரேட்டர் பயிற்சியாளருங்க. அடுத்த மாசம் சேரோணுமுங்க. அப்பா அழுகறாருங்க, பேசறீங்களா?"

நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, "கண்ணு, மொதச் சம்பளம் வாங்கறதுக்குள்ள உங்க ஐயாவுக்குக் கேஸ் சிலிண்டர் மாத்தச் சொல்லிக் குடு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள், எதையோ பேசினார்கள். கைப்பேசி திரும்ப என்னிடம் வர வெகுநேரம் ஆனது.

வந்ததும் நான் கேட்டேன். ஒன்பதாம் பத்தியின் முப்பது நாள் கணக்கைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மணி, கடிதம் கைக்கு வந்தது என்ன தேதின்னு எழுதி வெச்சியா?"

"கையெழுத்துப் போட்டு வாங்குனதே இப்பத்தானுங்க. இன்னிக்கு ஆடிப் பதினெட்டுங்க."